ஒடிந்த மரமும் ஒரு பிடி அறமும்
சாதுவன் கதை: தீவிலிருந்து ஒரு வாசிப்பு

மணிமேகலையின் 16ஆம் காதைக்கு ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்று பெயர். பெயருக்கேற்ப, அதனைக் கற்றோரும் கற்பிப்போரும் ஆதிரையின் கற்பையே போற்றி வந்துள்ளனர். ஈமத் தீயில் அவள் புகுந்ததும், படுத்த பள்ளியும் உடுத்த ஆடையும் சூடிய மாலையும் கருகாதிருந்ததும் பட்டிமன்ற மேடைகளுக்கு ஓயாத பொருளாகிவிட்டன. அவள் கணவன் சாதுவனோ, பத்தினியின் பெருமைக்குத் துணைநிற்கும் ஒரு காரணமாக மட்டுமே எண்ணப்பட்டான். பரத்தையிடம் சென்றான், பொருளைத் தொலைத்தான், கடலில் விழுந்தான், மனைவியின் கற்பினால் மீண்டான் என்று நான்கு சொற்றொடரில் அவன் கதையை முடித்துவிடுவார்கள்.

கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து இத்தீவுகளுக்கு வந்து வேர்விட்ட நம் குடும்பங்களுக்கு அவ்வாறு படித்துவிட்டுப் போக இயலவில்லை. காரணம் வெளிப்படையானது. சாதுவன் ஒதுங்கிய கரை நமக்கு அண்மையிலுள்ள கரையாக இருக்கக்கூடும். அவன் சேர்ந்த மலையை ‘நக்க சாரணர் நாகர்’ வாழும் மலை என்று சாத்தனார் குறிக்கிறார். ‘நக்க’ என்பது ஆடையின்மையைக் குறிக்கும் சொல். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரம் இடம்பெறுகிறது. அதுவே இன்றைய நிக்கோபார் என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிவு. சாத்தனாரின் நாகர் மலையும் இராசேந்திரனின் நக்கவாரமும் ஒன்றே என்று உறுதி கூற நம்மிடம் சான்றில்லை. பெயர் ஒற்றுமையும் கடல் வழியின் ஒற்றுமையும் மட்டுமே உண்டு. ஆயினும் ஓர் உண்மைக்காக அன்று, ஓர் உறவுக்காக நாம் அக்கதையை நம் கரைக்கு உரியதாகக் கொள்கிறோம். (போர்ட் பிளேயருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டபோது, சோழன் எந்த அரசின்மீது படை செலுத்தினானோ அந்த அரசின் பெயரே திரும்பி வந்து அமர்ந்ததைக் கண்டு நம்மில் சிலர் புன்னகைத்ததும் உண்டு.)

கதை இதுதான். புகார் நகரத்து வணிகனான சாதுவன், ஆதிரையை விட்டுப் பிரிந்து ஒரு கணிகையோடு வாழ்ந்து, வட்டாடியும் சூதாடியும் கைப்பொருள் முழுவதையும் இழந்தான். பொருள் தீர்ந்ததும் அவள் அவனை வெளியேற்றினாள். வணிகரோடு கலமேறினான். கடுங்காற்றில் கலம் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு, அலை தள்ளத் தள்ள நாகர் மலையைச் சேர்ந்தான். தப்பிப் பிழைத்த வேறு சிலர் புகாருக்கு மீண்டு, அவன் இறந்தான் என்றே கருதிச் சொல்லிவிட்டனர். ஆதிரை தீப்புகுந்ததும், தீ அவளைச் சுடாததும், அவன் உயிரோடிருக்கிறான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் மீள்வான் என்று வானொலி எழுந்ததும் அதன்பின் நிகழ்ந்தவை.

இதே செய்தியை வேறோர் ஆணின் வரலாறாகவும் நாம் அறிவோம். கணிகைபால் பொருள் இழந்து, வெறுங்கையோடு மனைவியிடம் மீண்டு, இழந்ததை மீட்கப் புறப்பட்டவன் கோவலனும் அல்லனோ? கோவலன் மகளின் வரலாற்றைப் பாடும் காப்பியத்திற்குள், கோவலனைப்போலவே கெட்டு, ஆனால் கெட்டுப்போகாமல் திரும்பிய இன்னொரு வணிகனைச் சாத்தனார் வைத்திருப்பது தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை. இழந்த பெருஞ்செல்வத்தை ஒரே சிலம்பினால் மீட்டுவிடலாம் என்று மதுரைக்குச் சென்றான் கோவலன். சாதுவனிடமோ விற்பதற்குச் சிலம்பும் இல்லை. அவன் கையில் இருந்தது ஒடிந்த மரம் ஒன்றே. கண்ணகியின் தீ ஊரை எரித்தது. ஆதிரையின் தீ ஒரு பூவையும் வாட்டவில்லை. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை தன் முதற் பிச்சையை ஏற்பதற்கு இந்த வீட்டின் வாயிலிலேயே வந்து நிற்கிறாள். தன் தந்தையும் பெரிய தாயும் பிழைத்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படிப்பட்ட வீடு அது! இதைச் சாத்தனார் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே நன்று.

இனி அம்மலைச் சாரலில் நிகழ்ந்ததைச் சற்று நின்று நோக்குவோம். கவிஞர் இப்பகுதியை இருமுறை சொல்கிறார். முதலில், சாதுவன் நாகர் மலையைச் சேர்ந்து அவர்களுள் ஒருவன்போல் ஆனான் என்று முடிவை மட்டும் இரண்டடியில் சொல்லிவிட்டு ஆதிரையிடம் போய்விடுகிறார். பிறகு திரும்பி வந்து, அது எவ்வாறு நேர்ந்தது என்று படிப்படியாக விரிக்கிறார். துன்பத்தினின்று மீண்டவர்களைப் பற்றி ஊரார் பேசுவதும் இவ்வாறே. “எல்லாம் போய்விட்டது, இப்போது நன்றாக இருக்கிறார்கள்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவர். இடையிலிருந்த நாட்களை அறிந்தவர் அவற்றைக் கடந்தவரே.

சாதுவன் கரை சேர்ந்ததும் முதலில் செய்தது என்ன? கடவுளை வேண்டவில்லை, மனைவியை நினைந்து அழவும் இல்லை, பழைய தவறுகளை எண்ணி மார்பில் அறைந்துகொள்ளவும் இல்லை. கடலில் உழன்ற நோய் மிகுதியால் ஒரு மர நிழலில் உறங்கினான். இவ்வடியை நாம் பல்லாண்டுகளாகக் கண்ணோட்டத்தில் கடந்து சென்றிருக்கிறோம். அதன்மேல் நம்மை நிறுத்தியவர் ஓர் அம்மையார்.

நம் வாசிப்புக் கூட்டமொன்றில் இக்காதையை விளக்கிய மாலை அது. அவ்வம்மையார் இலங்கை மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அங்கே குடியுரிமையின்றி நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. மக்களை எண்ணிப் பங்கிட்ட அக்கணக்கில் ஓர் எண்ணாக, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, பின்பு கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற்குப் பெற்றோருடன் வந்தவர் அவர். தாயகம் திரும்பியோர் என்பது அரசு அவர்களுக்கு வழங்கிய பெயர். திரும்பிய இடம் தாயகத்திலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடல் நடுவே இருந்தது! 2000ஆம் ஆண்டின் முதற் கதிரைக் காணும் இடம் என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய தீவும் இக்கச்சாலே. அதற்கு ஐந்தாண்டு நிறைவதற்குள், 2004 டிசம்பர் 26 காலை, சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிகழ்ந்த 9.1 அளவு நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் அத்தீவின் தாழ்ந்த கரைகளை விழுங்கின. அம்மையாரின் கணவரும் வீடும் அன்று போயினர்.

“ஐயா, அந்தச் சாதுவன் கொடுத்துவைத்தவன், கரை சேர்ந்ததும் தூங்கிவிட்டானே! எனக்கு எட்டு மாதம் தூக்கம் வரவில்லை” என்றார் அவர்.

உரையாசிரியர் எவரும் எழுதாத உரை இது. அதன்பின்தான் நாமும் மூலத்திற்குத் திரும்பிச் சென்று பார்த்தோம். சாத்தனார் அவனுக்குக் கொடுத்த முதல் நலம் அந்த உறக்கம். அது வீரமும் அன்று, அறமும் அன்று. உடல் தானே எடுத்துக்கொண்ட சிறு மருந்து. அவனைக் கொன்று தின்ன வந்த நாகர்கள் எழுப்பியபோதுதான் அடுத்த நிகழ்ச்சி தொடங்குகிறது.

அடுத்தது மொழி. நாகரின் பேச்சை அவன் மயக்கமறக் கற்றிருந்தான் என்கிறார் கவிஞர். எங்கே, எப்போது கற்றான் என்று சொல்லவில்லை. துறைமுக நகரில் பல மொழியாளர் கூடி வாழ்ந்தனர் என்பதை இரு காப்பியங்களும் காட்டுகின்றன. ஆகவே, அவன் கெட்டுத் திரிந்த காலத்திலேயே மாலுமிகளோடும் சூதாடிகளோடும் பழகிப் பெற்ற அறிவாகவும் அது இருக்கலாம் என்பது நம் ஊகம். வீணாய்ப்போன நாட்களிலிருந்தும் ஒரு துண்டு மரம் மிதந்து வரும் போலும். தம் மொழியில் அவன் பேசியதும் நாகர் விலகி நின்று வணங்கித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். போர்ட் பிளேயரின் அபர்தீன் கடைத்தெருவில் வங்காளியிடம் இந்தியிலும், தெலுங்கரிடம் பாதித் தமிழிலும், நிக்கோபாரியிடம் அறிந்த நான்கு சொற்களாலும் பேசி வணிகம் செய்த நம் முன்னோர்க்கு இவ்விடத்தை விளக்க வேண்டுவதில்லை.

தலைவனின் இருப்பிடம் காப்பியத்தில் கொடியதாகக் காட்டப்படுகிறது. கள் காய்ச்சும் சாடியும் புலால் நாற்றமும் வெள்ளெலும்புக் குவையும் சூழ, பிணவோடு இருக்கும் கரடிபோல் அவன் தன் துணையோடு இருந்தானாம். இவ்விடத்தில் நாம் சாத்தனாரோடு முரண்பட்டே ஆக வேண்டும். தீவினர் மனிதரைத் தின்பவர் என்பது கடலோடிகள் அனைவரும் கைமாற்றி வந்த பழங்கதை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் அந்தமானியரை நாய்த்தலையர் என்றும் மனிதரைத் தின்போர் என்றும் எழுதிவைத்தார். அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழியே வந்த சீனத் துறவி இத்சிங் கண்டது வேறு. ஆடையற்றோர் நாட்டினர் தேங்காயும் வாழையும் ஏற்றிச் சிறு படகுகளில் கப்பலை நோக்கி விரைந்து வந்து, இரும்புக்கு மாற்றாக அவற்றைத் தந்தனர் என்று அவர் எழுதுகிறார். மாற்ற மறுத்தவர்மீது நச்சம்பு எய்வர் என்றும் சொல்லத்தான் செய்கிறார். எனினும் மனித ஊன் பற்றி அங்கே பேச்சில்லை. புத்த அறம் பரப்பும் கதைக்குக் கொடிய கேட்போர் தேவைப்பட்டமையால் சாத்தனார் அவர்களைக் கொடியவர் ஆக்கினார் என்றே நாம் கருதுகிறோம். நிக்கோபாரியரோடு பக்கத்துப் பக்கத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இக்காதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வது கடன்.

ஆனால் வியப்பு என்னவெனில், அதே கவிஞர் காதையின் தலைசிறந்த வினாவை அந்தத் தலைவனின் வாயில்தான் வைத்திருக்கிறார்.

விருந்தாகக் கள்ளும் ஊனும் ஓர் இளம்பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான் தலைவன். சாதுவன் வேண்டேன் என்கிறான். கணிகை வீட்டில் இவை அனைத்திற்கும் இசைந்து அழிந்தவன் அவன். உயிர் அவர்கள் கையில் இருக்கும்போது மறுக்கிறான். தலைவன் சினந்து, இவையின்றி உலகில் வேறு பயன் உண்டோ, காட்டுக என்கிறான். சாதுவன் வினைப்பயனும் மறுபிறப்பும் உரைக்கிறான். உடலை விட்டு உயிர் வேறிடம் புகும் என்பதை எவ்வாறு அறிவது என்று தலைவன் நகைத்துக் கேட்க, உயிர் நீங்கியபின் உடலை வாளால் பிளந்தாலும் தீயில் சுட்டாலும் அது உணராமை கொண்டு விடை கூறுகிறான். இப்பகுதி நீண்டது. சமயக் கொள்கை கவிதையைச் சற்று இழுத்துச் செல்கிறது என்று சொல்வதில் பிழையில்லை.

உரை முடிந்ததும் தலைவன் அடி வீழ்ந்து சொல்வதுதான் நம் நெஞ்சைத் தொட்டது. கள்ளையும் ஊனையும் முற்றும் கைவிட்டால் இவ்வுடம்பில் உயிரைக் காத்துக்கொள்ள எம்மால் ஆகாது. சாகுமளவும் எங்களால் இயலக்கூடிய நல்லறம் எதுவோ, அதனைச் சொல் என்கிறான். காப்பியத்தில் எத்தனையோ பேர் அறம் கேட்கின்றனர். தன் வலுவின் அளவை முதலில் ஒளியாமல் கூறிவிட்டு அறம் கேட்டவன் இவன் ஒருவனே என்று சொல்லத் தோன்றுகிறது. சாதுவனும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; நன்று சொன்னாய் என்கிறான். கலம் உடைந்து கரையேறி வருவோரைக் கொல்லாமல் உயிர்காத்தல் ஒன்று. மூத்து இறந்த விலங்கினையன்றி வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை மற்றொன்று. இவ்விரண்டே அவன் விதித்தது. கள்ளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊனையும் முற்றாக விலக்கவில்லை. முழுத் துறவைப் பாட வந்த காப்பியம், ஒரு கணம் தன் உயரத்திலிருந்து இறங்கி வந்து, மனிதனுக்கு இயன்ற ஒரு பிடி அறத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. இக்காதையின் உச்சம் ஆதிரையின் தீயன்று, இவ்விடமே என்பது நம் துணிபு.

அதைச் சொன்னவன் யார் என்பதையும் நோக்க வேண்டும். அவன் துறவியும் அல்லன், அறவண அடிகளும் அல்லன். சூதில் எல்லாம் தோற்றவன். முழுமையான நல்லவனாக ஒரே நாளில் ஆகிவிட முடியாது என்பதைத் தன் உடம்பால் அறிந்தவன். அவ்வறிவே அவன் குரலைத் தாழ்த்தியது. கரை காணாத துன்பத்தில் கிடப்போரிடம் சென்று மலையளவு அறிவுரை பொழியும் நம் பேச்சாளர்கள் இவனிடம் கற்க வேண்டியது மிகுதி. ஆழிப்பேரலைக்குப் பின்னர் தகரக் கொட்டகை முகாம்களுக்கு வந்து ஒலிபெருக்கி வைத்து நம்பிக்கையூட்டிச் சென்றவர்களை அந்நாட்களில் நாம் நிறையவே கண்டோம்.

அம்மையாரின் கதையில் முகாமுக்குப் பிறகு நடந்தது மிகச் சிறியது. பால்வெட்டுக்காக விடியுமுன் எழுந்து பழகிய உடல் அவருடையது. வெட்ட மரம் இல்லாதபோதும் உடல் எழுந்தது. உறங்காதவர்க்கு விடியலே நீண்ட பொழுது. ஒரு நாள், சும்மா இருக்க முடியாமல், கிடைத்த சட்டியில் சாயத் தண்ணீர் வைத்தார். வாசனை கண்டு அடுத்த கொட்டகைப் பிள்ளைகள் வந்தனர். மறுநாளும் வந்தனர். பின்பு பெரியவர்களும் வந்தனர். சிலர் சர்க்கரை கொண்டுவந்தனர். தூக்கம் எப்போது திரும்பியது என்பது அவருக்கே நினைவில்லை. இதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, மீண்டெழுந்ததாகவும் சொல்லவில்லை. “கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்” என்றார்.

ஆதிரையை நாம் புதிதாகக் கண்டதும் அதனால்தான். தீயும் கொள்ளாத பாவியானேன், என் செய்வேன் என்று கதறியவள், கணவன் உயிரோடிருக்கிறான் என்று கேட்டபின், பொய்கையில் நீராடி வருபவள்போல் வீட்டிற்கு வந்தாள் என்கிறார் சாத்தனார். எத்துணை எளிய உவமை! அதன்பின் அவள் செய்ததெல்லாம் அன்றாட நல்வினைகள். கணவன் திரும்பும் நாள் அவளுக்குத் தெரியாது. காத்திருப்பதை ஒரு தொழிலாக்காமல், காத்திருந்த நாட்களைத் தொழிலால் நிரப்பினாள். நம் இலக்கிய மேடைகள் தீயை நினைவில் வைத்து, நாட்களை மறந்துவிட்டன.

இக்கதையைச் சொல்பவள் காயசண்டிகை என்பதும் கருதத்தக்கது. முனிவன் சாபத்தால் பன்னிரண்டாண்டு அடங்காத யானைத்தீப் பசியில் வெந்தவள் அவள். எதைத் தின்றாலும் ஆறாத ஒருத்தி, மனிதரைத் தின்னும் கூட்டம் தின்னாதிருக்கக் கற்ற கதையை மணிமேகலைக்குச் சொல்கிறாள். தனக்கே அது வேண்டியிருந்தது என்பதைச் சொல்லும் குரலில் உணரலாம். அடுத்த காதையில் அமுதசுரபியின் ஒரு பிடி உணவால் அவள் பசி தீர்கிறது. அங்கும் ஒரு பிடிதான்.

குறை கூறாமல் விட முடியாத இடம் இன்னொன்று உண்டு. அறம் கேட்ட நாகர் தலைவன், முன்பு கலம் கவிழ்ந்து வந்தோரைத் தின்றபோது சேர்ந்த பொருள்கள் இவை என்று அகிலும் சந்தனமும் துகிற் பொதியும் பிற நிதியும் சாதுவனுக்குக் கொடுக்கிறான். சாதுவன் ஏற்றுக்கொண்டு சந்திரதத்தன் கலத்தில் ஊர் மீள்கிறான். இறந்தோர் பொருள் அது. அவர்களுக்கும் புகாரில் மனைவியர் இருந்திருப்பர். கவிஞருக்கு இதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. அலைக்குப் பின் கரையொதுங்கிய பெட்டிகளைக் கண்ட நமக்கு உறுத்துகிறது. ஆதிரையோடு கூடி வாழ்ந்து அவன் பல தானங்கள் செய்தான் என்பது ஓரளவு ஆறுதல். சூதில் பொருளை வீசிய அதே கை இப்போதும் பொருளை வெளியேதான் விடுகிறது. போய்ச் சேரும் இடம்தான் மாறியது.

இத்தீவுகளின் தமிழர் வரலாறு இன்னும் தமிழ் இலக்கியத்தில் உரிய இடம் பெறவில்லை. தோட்டத் துயரைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார், கேணியின் ஆழத்தை அவரைப்போல் காட்டியவர் அரியர். அதிலிருந்து ஏறி வந்தவர்கள், ஏறியபின் வேறொரு கடலைக் கண்டவர்கள், எழுதப்படாமலே இருக்கிறார்கள். சாத்தனாரிடம் நாம் திரும்பத் திரும்பச் செல்வதற்கு இவ்வறுமையும் ஒரு காரணமே.

அன்றைய கூட்டம் கலையும்போது அம்மையார் இன்னொன்று கேட்டார். “சாதுவன் போன பிறகு அந்தக் கரையில் இன்னொரு கப்பல் உடைந்திருக்குமே? அப்போது அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்களா?”

காதையில் அதற்கு விடையில்லை. நாகர் மலையை விட்டுக் கலம் புறப்பட்டதும் கவிஞரின் கண் புகாரின் பக்கம் திரும்பிவிடுகிறது. நூலில் இல்லை என்றே அவரிடம் சொன்னோம்.

அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “அலை வந்த அன்றைக்கு மேட்டுக் காட்டுக்கு ஓடினோம். மூன்று நாள் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர்கள் நிக்கோபாரிகள்தாம்.”